கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள்: வீட்டுப் பூட்டும் கைப்பிடியும் மாற்ற முழு வழிகாட்டி

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்ததும் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பூட்டு கெட்டுப்போச்சு." சாவி உள்ளே போகும், திரும்பாது. இல்லையென்றால் திரும்பும், கதவு வராது. தோளால் ஓர் இடி இடித்தால் திறந்துகொள்ளும். உடனே ஆசாரிக்குப் போன் போடுவார்கள். அந்த மாதத்தில் ஆசாரியைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. சரி, நாமே மாற்றிவிடலாம் என்று புதுப் பூட்டு வாங்கி மாட்டுவார்கள். புதுப் பூட்டும் அப்படியே முரண்டு பிடிக்கும்.

அதனால் திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை. கதவை அகலத் திறந்து வையுங்கள். திறந்த நிலையிலேயே சாவியைப் போட்டு நாலைந்து தரம் பூட்டித் திறந்து பாருங்கள். கதவின் ஓரத்திலிருந்து உலோக நாக்கு தடையில்லாமல் நீண்டு, தடையில்லாமல் உள்ளே போனால் பூட்டின்மேல் எந்தக் குற்றமும் இல்லை. கதவு உப்பியிருக்கிறது, அல்லது கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கிறது. நாக்கு போய் நுழைய வேண்டிய ஓட்டைக்கு நேராக அது நிற்கவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு விலகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து நாக்கின் நுனியில் தடவுங்கள். கதவைச் சாத்தி, பூட்டுவதுபோல் சாவியைத் திருப்பிவிட்டுத் திறந்து பாருங்கள். நிலையில் அடித்திருக்கும் தகட்டில் சிவப்பு எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் நாக்கு போய் முட்டுகிறது. ஓட்டைக்குக் கீழே ஒட்டியிருந்தால் கதவு இறங்கியிருக்கிறது என்று பொருள். மேல்கீலின் ஸ்க்ரூக்களை முடுக்குங்கள். முடுக்க முடுக்கச் சும்மா சுற்றினால் மரத்தில் ஓட்டை அகன்றுவிட்டது. அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, வாரியல் ஈர்க்கு இரண்டு மூன்றை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் திணித்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, நீட்டியிருப்பதை வெட்டிவிட்டு மறுபடி முடுக்குங்கள். மரம் கவ்விப் பிடிக்கும். விலகல் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்தான் என்றால் அரத்தால் தகட்டின் ஓட்டையை அந்தப் பக்கமாக ராவிவிட்டாலே போதும்.

கதவு உப்பியிருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். மரம் ஈரத்தில் அகலவாக்கில்தான் உப்பும், நீளவாக்கில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் இழைப்புளி போட்டுச் சீவிவிட்டால் மாசி, பங்குனி வெயிலில் மரம் சுருங்கியபின் விரல் நுழையும் சந்து விழும். தை வரை இடித்துத் திறந்து சமாளியுங்கள். காய்ந்தபின் தேவையான அளவுக்குச் சீவி, சீவிய ஓரத்துக்கு உடனே பெயின்ட் அடியுங்கள். அப்போதே கதவின் தலையிலும் அடியிலும் ஒரு கை அடித்துவிடுங்கள். யாரும் பெயின்ட் அடிக்காத இடம் அவை இரண்டும்தான். மரம் தண்ணீர் குடிப்பதும் அங்கேதான்.

திறந்த கதவிலும் சாவி திரும்பவில்லையா? வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடக்கும் இரண்டாவது சாவியைத் தேடி எடுத்துப் போட்டுப் பாருங்கள். அது திரும்பினால் தேய்ந்தது உங்கள் தினச்சாவி, பூட்டு நன்றாகவே இருக்கிறது. அந்த நல்ல சாவியை வைத்து இன்னொன்று வெட்டிக்கொள்ளுங்கள். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானத்தோடு சேர்த்தே வெட்டித் தருவார்கள்.

இரண்டும் திரும்பவில்லை என்றால் கழற்ற வேண்டியதுதான்.

குழவியை எடுத்து வாருங்கள்

முதல் வேலை, கதவு சாத்திக்கொள்ளாதபடி அடை வைப்பது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

ஓர் ஆடி மாதம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவின் இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் கழற்றி, நடுவில் ஓடும் சதுரக் கம்பியையும் உருவி, பட்டாசலில் (கூடத்தில்) பேப்பரை விரித்து வரிசையாக அடுக்கி வைத்தேன். திருப்புளியையும் அங்கேயே வைத்துவிட்டு, டார்ச் எடுக்க அறைக்குள் போனேன். நம்மூர் ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஒரே அடி. கதவு அறைந்து சாத்திக்கொண்டது. நாக்கு நிலைக்குள் 'டக்' என்று போய் உட்கார்ந்தது. என் பக்கம் கதவில் இருந்ததெல்லாம் ஒரு சின்னச் சதுர ஓட்டை.

தட்டினேன். மைனி அடுக்களையிலிருந்து வந்தார்கள். "என்ன தம்பி, உள்ள தாப்பா போட்டுக்கிட்டியளா?"

"இல்ல மைனி, பேப்பர் மேல ஒரு சதுரக் கம்பி கெடக்கும். அத எடுத்து இந்த ஓட்டையில விட்டுத் திருகுங்க."

கம்பியை விட்டார்கள். விரலால் திருக முடியவில்லை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அவ்வளவு வலுவானது. கடைசியில் சோற்றுப்பானை இறக்கும் இடுக்கியைக் கொண்டுவந்து கம்பியைக் கவ்விப் பிடித்துத் திருகினார்கள், கதவு திறந்தது. அன்றிலிருந்து பூட்டு வேலை என்றால் அம்மிக்குழவியை மைனியே கொண்டுவந்து கதவடியில் வைத்துவிடுகிறார்கள். மரக்கட்டை, செங்கல் எதுவானாலும் சரி, கதவை ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் போதாது. காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும், இரண்டு பக்கமும் வையுங்கள். சதுரக் கம்பியையும் திருப்புளியையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற சாமான்கள்: நட்சத்திரத் தலைக்கு ஒன்று, தட்டைத் தலைக்கு ஒன்று என்று இரண்டு திருப்புளி, ஆலன் கீ (ஆறுமுகக் குழி ஸ்க்ரூவைத் திருகும் வளைந்த கம்பி) ஒரு செட், சின்ன அரம், டேப், கொண்டை ஊசி, பழைய பிளேடு. கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வைப்பேன். பூட்டில் வரும் ஸ்க்ரூக்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் நீளம் மாறும்.

உங்கள் கதவில் இருப்பது எது?

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தலைவாசலுக்குத் தாழ்ப்பாளும் நாதாங்கியும், வெளியே தொங்கும் பூட்டும்தான். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு ஒன்று எங்கள் ஆச்சி வீட்டுப் புறவாசலில் இன்னும் தொங்குகிறது. அதற்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. தொங்கும் பூட்டு கெட்டால் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம், கதவை எடுத்துக்கொண்டு போக முடியாது.

கதவோடு சேர்ந்த பூட்டு என்று பார்த்தால் மூன்று ரகம். கைக்கு உருண்டையாக அகப்படும் குமிழ்ப் பூட்டு ஒன்று. கதவின் ஓரத்தைக் குடைந்து பெட்டியை உள்ளே புதைத்து, இரண்டு பக்கமும் நீளத் தகட்டோடு கைப்பிடி வைக்கும் மார்ட்டிஸ் பூட்டு இன்னொன்று. மூன்றாவது, கதவின் உள்பக்கத்தில் பெட்டியாக வெளியே தெரிய அடித்திருக்கும் நைட் லாட்ச். இந்த மூன்றாவதைக் கழற்றுவது மிக எளிது. பெட்டியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் கண்முன்னே இருக்கும். பெட்டியை எடுத்தால் பின்னால் ஒரு தகடு, அதில் இரண்டு நீள ஸ்க்ரூ, அவை பிடித்திருப்பது வெளிப்பக்கச் சாவித் துளையுள்ள உருளையை. ஸ்க்ரூவைக் கழற்றும்போது வெளியே ஒரு கை உருளையைத் தாங்கிக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் அது வாசல்படியில் விழுந்து உருளும்.

குமிழ்ப் பூட்டு

சாவி போடும் பக்கத்தை விடுங்கள், அறைக்கு உள்பக்கக் குமிழைப் பாருங்கள். அதன் அடியில் இருக்கும் வட்டத் தகட்டில் இரண்டு ஸ்க்ரூ தெரிந்தால் வேலை ஐந்து நிமிடம். இரண்டையும் கழற்றினால் உள்குமிழ் ஒரு பக்கமும் வெளிக்குமிழ் மறுபக்கமும் கையோடு வந்துவிடும்.

ஸ்க்ரூவே தெரியவில்லை என்றால் பலர் குமிழைப் பிடித்து முறுக்கத் தொடங்குகிறார்கள். வேண்டாம். குமிழின் கழுத்தில் விரலைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள், ஒரு சின்னத் துளையோ கீறலோ அகப்படும். கொண்டை ஊசியை அதில் விட்டு உள்ளே இருக்கும் சின்னப் பித்தானை அமுக்கிக்கொண்டே குமிழை உங்கள் பக்கம் இழுங்கள், உருவிக்கொண்டு வரும். அதன்பின் வட்டத் தகட்டின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு இருக்கும். தட்டைத் திருப்புளியை அங்கே கொடுத்து நெம்பினால் தகடு கழன்று, அடியில் ஒளிந்திருக்கும் இரண்டு நீள ஸ்க்ரூ தெரியும்.

குமிழ்கள் போனபின் கதவின் ஓரத்தில் நாக்கின் தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூவைக் கழற்றி நாக்குக் குழலை இழுத்தெடுங்கள். மூன்று அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்: கதவின் ஓரத்திலிருந்து பெரிய ஓட்டையின் நடுப்புள்ளி வரை எத்தனை மில்லிமீட்டர் (60 அல்லது 70 ஆக இருக்கும்), பெரிய ஓட்டையின் விட்டம் (54-ஐ ஒட்டி இருக்கும்), கதவின் கனம். முதல் அளவு தப்பினால் புதுப் பூட்டு உட்காரவே உட்காராது.

குளியலறைக் கதவில் குழந்தை உள்ளே பித்தானை அமுக்கிப் பூட்டிக்கொண்டு அழுதால் எதையும் உடைக்க வேண்டாம். வெளிக்குமிழின் நடுவில் ஒரு சின்னத் துளை இருக்கும். நேராக்கிய கொண்டை ஊசியை உள்ளே தள்ளினால் பித்தான் விடுபடும். துளைக்குப் பதில் கீறல் இருந்தால் திருப்புளி நுனியை வைத்துத் திருப்புங்கள்.

மார்ட்டிஸ் பூட்டு

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். புது வீடுகளில் தலைவாசலுக்கு அநேகமாக இதுதான். கழற்றும் வரிசை தப்பினால் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க நேரும்.

முதலில் சிலிண்டர். சாவி நுழையும் பித்தளை உருளைதான் சிலிண்டர், மேலே வட்டமும் கீழே நீட்டுமாக இருக்கும். கதவின் ஓரத் தகட்டைப் பாருங்கள். சாவித் துளைக்கு நேர் மட்டத்தில் ஒரு ஸ்க்ரூத் தலை தெரியும். விரல் நீளத்துக்கு இருக்கும் ஸ்க்ரூ அது, முழுவதும் கழற்றுங்கள். இப்போது சிலிண்டரை இழுத்தால் வராது. அதன் நடுவில் ஒரு சின்ன இறக்கை நீட்டிக்கொண்டு பெட்டிக்குள் மாட்டியிருக்கும். சாவியைப் போட்டு ஒரு பக்கமாக மிகக் கொஞ்சம், கடிகாரத்தில் இரண்டு மூன்று நிமிடக் கோடு அளவுக்கு, திருப்பியபடி மெதுவாக இழுங்கள். ஏதோ ஓர் இடத்தில் இறக்கை உருளைக்குள் மடங்கும், சிலிண்டர் வழுக்கிக்கொண்டு வரும். வரவில்லையென்றால் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். சாவி தொலைந்துபோய், உள்பக்கம் கையால் திருப்பும் குமிழ் இருந்தால் சாவிக்குப் பதில் அதைத் திருப்பி இதே வேலையைச் செய்யலாம்.

சிலிண்டர் மட்டும்தான் கோளாறு என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்து போனபின் சாவியை மாற்றவும் இது போதும். முழுப் பூட்டையும் மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம் தலையாட்டாதீர்கள்.

அடுத்து கைப்பிடி. உள்பக்கத் தகட்டில் ஸ்க்ரூ தெரிந்தால் கழற்றுங்கள். தெரியாவிட்டால் கைப்பிடியின் கழுத்தடியில் ஆலன் கீ நுழையும் பொடி ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதைத் தளர்த்திக் கைப்பிடியை உருவி, மூடித் தகட்டை நெம்பினால் அடியில் ஸ்க்ரூக்கள் இருக்கும். சதுரக் கம்பியை உருவிச் சட்டைப்பையில் போடுங்கள்.

கைப்பிடி தொங்கிப்போய்விட்டது என்பதற்காக இதைக் கழற்றுகிறீர்கள் என்றால் இங்கே ஒரு சோதனை செய்யலாம். கைப்பிடி இல்லாமல் சதுரக் கம்பியை மட்டும் ஓட்டையில் விட்டு இடுக்கியால் திருப்பி விடுங்கள். நாக்கு உள்ளே போய், விட்டதும் சட்டென்று வெளியே வந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது, ஸ்பிரிங் போனது கைப்பிடியில். நாக்கு சோம்பிக்கொண்டு வந்தால் பெட்டிக்குள் அழுக்கு. வராமலே நின்றால் பெட்டியின் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது.

கடைசியாகப் பெட்டி. ஓரத் தகட்டின் மேலும் கீழும் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். கழற்றும் முன் தகட்டைச் சுற்றி பெயின்ட் ஒட்டியிருக்கும் இடத்தைப் பிளேடால் கீறிவிடுங்கள். கீறாமல் இழுத்தால் மரச்சில்லும் சேர்ந்து பெயரும். சதுர ஓட்டையில் திருப்புளியைக் குறுக்கே விட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக் கதவின் ஓரம் நோக்கி இழுத்தால் பெட்டி வெளியே வரும். நாக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது. வளைந்துபோகும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரைமீறித் திருநெல்வேலி ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைப் பக்கமெல்லாம் புகுந்தது. சிந்துபூந்துறையில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் தண்ணீர் மார்பளவு நின்று வடிந்தது. கதவுப் பூட்டு இடுப்பு உயரத்தில் இருப்பது. மூன்று வாரம் கழித்துப் போய் அந்த வீட்டுப் பூட்டுப் பெட்டியைக் கழற்றிப் பேப்பரில் வைத்து மூடித் தகட்டைத் திறந்தேன். வண்டல் காய்ந்து, பெட்டியின் வடிவத்திலேயே அச்சு வார்த்ததுபோல் இறுகிக் கிடந்தது. நாக்கின் தடம், ஸ்பிரிங்கின் வளையம், எல்லாம் அதில் பதிந்திருந்தது. நடுவில் ஒரு நெல் உமி. சாவித் துளை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

அந்த வீட்டில் அதற்குள் யாரோ சொன்னார்கள் என்று பூட்டுக்குள் அரைக் கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள். சேறும் எண்ணெயும் கலந்து களியாகிவிட்டது. வெள்ளத்தில் முங்கிய பூட்டுக்கு முதல் மருந்து நல்ல தண்ணீர். சேறு காய்வதற்கு முன்பே கழற்றி, வாளித் தண்ணீரில் அலசி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஏற்கெனவே இறுகியிருந்தால் ஒரு ராத்திரி ஊறட்டும். பிறகு துடைத்து, வெயிலில் முழுதாகக் காயவைத்து, இரும்புப் பாகங்களில் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துருவைத் துடைத்தெடுங்கள். சிலிண்டர் பித்தளை, துருப்பிடிக்காது. பெட்டி இரும்புத் தகடு, விட்டால் அரித்துவிடும்.

பெட்டியைத் திறக்கும்போது அதைப் படுக்கவைத்து, மூடியைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே தூக்குங்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஒன்று குதிக்கப் பார்க்கும். எதையும் தொடுமுன் படம் எடுங்கள். சிலிண்டரே இல்லாமல், நீளச் சாவி நேராகப் பெட்டிக்குள் போகும் பழைய லீவர் ரகமாக இருந்தால் அடுக்கிய தகடுகளின் வரிசை மாறக் கூடாது. மாறினால் உங்கள் சாவிக்கே பூட்டு திறக்காது.

சிலிண்டரை மட்டும் பிரிக்காதீர்கள். அதற்குள் ஒரு வரிசைக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இரண்டு பொடிக் குச்சிகள், அவற்றைத் தள்ளும் மயிரிழை ஸ்பிரிங். சரியான சாவி போனதும் அதன் பற்கள் எல்லாக் குச்சிகளையும் அளவாக நகர்த்தும். குச்சி இணைகளின் இடைவெட்டு உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்து நிற்கும், அப்போதுதான் உருளை சுழலும். அமெரிக்காவின் இளைய லைனஸ் யேல் 1861-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு, இன்றும் பெரிதாக மாறவில்லை. ஆர்வத்தில் ஒரு தரம் நான் பிரித்தேன். கடுகு தாளித்ததுபோல் குச்சிகள் தெறித்தன. ஒன்றை மட்டும் கண்டுபிடிக்க முடியவே இல்லை, அந்தச் சிலிண்டர் குப்பைக்குப் போனது.

சாவித் துளைக்கு எண்ணெய் வேண்டாம் என்பதற்கும் காரணம் அந்தப் பொடிக் குச்சிகள்தான். நம்மூர்ப் புழுதி எண்ணெயில் ஒட்டிக் குழிகளை அடைத்துவிடும். காற்றாடிகள் சுற்றும் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கிராஃபைட் தூள்தான் சரி. கடையில் கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் பென்சிலை, 2பி அல்லது அதைவிட மென்மையானதை, சாவியின் இரண்டு பக்கமும் பற்களிலும் கறுக்கத் தேய்த்து, உள்ளே விட்டு எடுத்து, துடைத்து, மறுபடி தேய்த்து நாலைந்து தரம் செய்யுங்கள். பெட்டிக்குள் நாக்கு உராயும் இடத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். அங்கே தவறில்லை.

கடைக்குப் போகும்போது

திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் முதன்முதலாகப் போய் "மார்ட்டிஸ் பூட்டு ஒண்ணு வேணும்" என்றேன். கல்லாவிலிருந்த அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கதவக் கொண்டு வந்திருக்கியளா, அளவக் கொண்டு வந்திருக்கியளா?" இரண்டும் இல்லை. திரும்பி வந்தேன்.

முடிந்தால் கழற்றிய பெட்டியையும் சிலிண்டரையுமே பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதுவரை கதவுக்குக் கொண்டியும் தொங்கும் பூட்டும் காவல் இருக்கட்டும். முடியாவிட்டால் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். சதுர ஓட்டையின் நடுவிலிருந்து சாவித் துளையின் நடு வரை எவ்வளவு என்பது முதல் அளவு. இது 85, 70, 65 என்று பலவிதமாக வருகிறது. கைப்பிடித் தகட்டின் ஓட்டைகள் இதற்குப் பொருந்தாவிட்டால் எல்லாம் வீண். கதவோரத்திலிருந்து சதுர ஓட்டையின் நடு வரை, ஓரத் தகட்டின் நீள அகலம், பெட்டியின் ஆழம், கதவின் கனம் ஆகியவை மற்றவை. சிலிண்டரை அளக்கும்போது மொத்த நீளம் மட்டும் போதாது. அடியில் ஸ்க்ரூ நுழையும் துளையை நடுவாக வைத்து இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு என்று இரண்டாக அளக்க வேண்டும். 60 என்றால் 30-30 ஆகவும் இருக்கலாம், வேறு பங்காகவும் இருக்கலாம். பழைய தேக்குக் கதவுகள் கனமானவை, அவற்றுக்கு 70-க்கு மேலும் தேவைப்படும். வெளித் தகட்டைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் சிலிண்டர் துருத்தக் கூடாது. துருத்தினால் திருடன் இடுக்கியால் கவ்வி முறித்துவிடுவான்.

புதுப் பெட்டியின் சரிவான நாக்கைத் திருப்பிப் போட முடியுமா என்று கேட்டு, கடையிலேயே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கதவு சாத்தும்போது நாக்கின் சரிவான முகம்தான் நிலைத்தகட்டில் முதலில் பட வேண்டும். வலது கதவுக்கும் இடது கதவுக்கும் இது மாறும். கைப்பிடியின் பளபளப்புக்கு நான் பணம் கொடுப்பதில்லை. அதே பணத்தில் நல்ல சிலிண்டர் கிடைக்கும். திருச்செந்தூர், உவரி, இடிந்தகரை என்று கடலோரத்தில் வீடு என்றால் மட்டும் கைப்பிடி விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். உப்புக்காற்றில் முலாம் பூசிய இரும்பு கொப்பளித்து உரியும். பித்தளையோ நல்ல எவர்சில்வரோ வாங்குங்கள், ஸ்க்ரூவும் அதே உலோகத்தில் கேளுங்கள்.

மாட்டுவது

கழற்றியதற்கு நேர் தலைகீழ் வரிசை: பெட்டி, சதுரக் கம்பி, கைப்பிடி, கடைசியில் சிலிண்டர். புதுப் பெட்டி குழிக்குள் தளர்வாக ஆடினால் பின்னால் மெல்லிய மரச்சில் வைத்துக் கெட்டிப்படுத்துங்கள். இறுக்கமாக இருந்தால் சுத்தியலால் அடிக்காமல் உளியால் இடம் இடமாகச் செதுக்குங்கள். ஓரத் தகடு மரத்தோடு சமமாக உட்கார வேண்டும். எழும்பி நின்றால் கதவு சாத்தும்போது நிலையில் உரசும்.

பித்தளை ஸ்க்ரூ மென்மையானது, காய்ந்த தேக்கில் முடுக்கினால் தலை பிய்ந்து போகும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூ ஒன்றை முதலில் முடுக்கி வழி உண்டாக்கிக் கழற்றிவிட்டு, பித்தளை ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்து முடுக்குங்கள். கைப்பிடியின் இரண்டு ஸ்க்ரூக்களையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு தரமும் கைப்பிடியை அமுக்கிப் பாருங்கள். தானாக மேலே வந்து நிற்கும் மட்டும்தான் இறுக்கலாம். சிலிண்டரைப் பிடிக்கும் அந்த நீள ஸ்க்ரூவும் அப்படித்தான். பலம் காட்டி இறுக்கினால் சிலிண்டர் கோணி, சாவி கனக்கும்.

எல்லாம் முடிந்ததும் உடனே கதவைச் சாத்திப் பார்க்கக் கை துறுதுறுக்கும். திறந்த கதவிலேயே பத்துத் தரம் பூட்டித் திறந்து பாருங்கள். எல்லாச் சாவியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், உள்பக்கமும் வெளிப்பக்கமும். பிறகு குங்குமத்தை மறுபடி குழைத்து நாக்கில் தொட்டு, நிலைத்தகட்டின் ஓட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் ராவுங்கள். ஓட்டைக்குப் பின்னால் மரத்திலும் போதிய ஆழம் வேண்டும். சாவியைத் திருப்பினால் நீளும் சதுர நாக்கு முழுதாக நீளாமல் பாதியில் நின்றால் பூட்டியும் பூட்டாத கதைதான்.

அதன் பின்னால் வீட்டில் ஒருவரை ஒரு சாவியோடு உள்ளே நிறுத்திவிட்டு, நீங்கள் இன்னொரு சாவியோடு வெளியே நின்று கதவைச் சாத்துங்கள். குழவியை அதுவரை அடுக்களைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்.